வருடக் கடைசியில் பத்து இண்டி ஆல்பங்கள்: முதன்முறை வரிசைப்படுத்துபவர்களுக்கு

டிசம்பர் பிறந்துவிட்டால் இசை கேட்பவர்களுக்குக் கை துறுதுறுக்கும். இந்த வருடம் பிடித்த ஆல்பங்களை ஒன்று, இரண்டு என்று வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும் போலிருக்கும்.

என் முதல் பட்டியலை ஒரே இரவில் உட்கார்ந்து, ஞாபகத்தில் வந்ததை வைத்து எழுதினேன். பத்தில் ஏழு ஆல்பங்கள் செப்டம்பருக்குப் பிறகு வந்தவை. பிப்ரவரி முழுக்கத் தினமும் கேட்ட ஒன்று அதில் இல்லவே இல்லை. அது பிடிக்காமல் போய்விடவில்லை. கேட்டுப் பத்து மாதம் ஆகிவிட்டதால் அந்த இரவில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அடுத்த வாரம் தற்செயலாக அதன் முதல் பாட்டு காதில் விழுந்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அன்றிலிருந்து நினைவை நம்பிப் பட்டியல் போடுவதை விட்டுவிட்டேன். மறுபடி கேட்டுத்தான் போடுகிறேன். கீழே சொல்லும் படிகள் எல்லாமே அந்த மறுகேட்பைச் சுற்றித்தான் அமைந்திருக்கின்றன.

முதல் படி: எது இண்டி என்று முடிவு செய்யுங்கள்

இண்டி என்ற சொல், இன்டிபென்டன்ட் என்பதன் சுருக்கம். ஆரம்பத்தில் அது ஒரு இசை வகையின் பெயராக இருக்கவில்லை. யுனிவர்சல், சோனி, வார்னர் போன்ற பெரிய நிறுவனங்களின் கைக்குள் இல்லாத ஒரு லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், வெளியிட்டாலோ, இசைக்கலைஞரே சொந்தமாக வெளியிட்டாலோ அது இண்டி. பிரிட்டனில் 1980 ஜனவரியில் இண்டி ரெக்கார்டுகளுக்கென்று தனி விற்பனைப் பட்டியல் தொடங்கினார்கள். பெரிய நிறுவனங்களின் விநியோகம் வழியாக வராத ரெக்கார்டுக்குத்தான் அதில் இடம். அதில் என்ன வாத்தியம் ஒலிக்கிறது, குரல் எப்படி இருக்கிறது என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை.

போகப் போக, கிதார், சற்றுக் கரடுமுரடான ஒலிப்பதிவு, கூச்சத்தோடு வரும் குரல் என்று அந்தச் சொல் ஒருவகை ஒலிக்கும் பெயராகிவிட்டது. குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பிரிட்டிஷ் பாடகி அடெல் 2011இல் வெளியிட்ட ‘21’ ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் அதை வெளியிட்டது எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் என்ற சுதந்திர லேபிள். அமெரிக்காவில் வெளியிட்டது சோனியின் கொலம்பியா. லேபிளை வைத்துப் பார்த்தால் கடலின் ஒரு கரையில் அது இண்டி, மறுகரையில் இல்லை. அதற்கு முன் பெரிய நிறுவனத்தில் இருந்த ரேடியோஹெட் குழு, 2007 அக்டோபரில் ‘இன் ரெயின்போஸ்’ ஆல்பத்தைத் தன் இணையதளத்திலேயே வெளியிட்டு, விலையைக் கேட்பவர்களே போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டது. அப்புறம், இன்று பல சின்ன லேபிள்கள் விநியோகத்துக்குப் பெரிய நிறுவனங்களின் கிளைகளைத்தான் நம்பியிருக்கின்றன. பலரும் பயன்படுத்தும் தி ஆர்ச்சர்ட் சோனிக்குச் சொந்தமானது. 1980இன் அளவுகோலை அப்படியே இன்று வைத்தால் அருமையான பல லேபிள்கள் அடிபட்டுப் போகும்.

நான் வைத்திருக்கும் விதி இது: ஒலிப்பதிவின் உரிமை யாரிடம் இருக்கிறது, அதை வெளியிடும் உரிமத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஸ்ட்ரீமிங் செயலியில் ஆல்பம் பக்கத்தின் அடிவரை போனால், வட்டத்துக்குள் ‘பி’ எழுத்துப் போட்ட குறியோடு ஒரு வரி சின்னதாக இருக்கும். உரிமை யாருடையது என்று அங்கே போட்டிருப்பார்கள். சில சமயம் உரிமை கலைஞருடையதாகவும், வெளியிடும் உரிமம் மட்டும் ஒரு பெரிய நிறுவனத்துடையதாகவும் இருக்கும். அப்படிப்பட்டவற்றை நான் சேர்ப்பதில்லை. நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் என்ன விதியோ அதை நோட்டின் முதல் வரியில் எழுதிவிட்டு, வருடம் முழுக்க அதையே பின்பற்றுங்கள். பிடித்த ஒரு ஆல்பத்தை உள்ளே கொண்டுவருவதற்காக டிசம்பரில் விதியை வளைத்தால், அதே விதியால் வெளியே நிறுத்திய மற்றவற்றுக்கு அது அநியாயம்.

இரண்டாம் படி: எந்த வருடம், எது ஆல்பம்

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். ஆனால் முன்கூட்டியே தீர்த்துவிட வேண்டும்.

அமெரிக்க இசைக்குழு பான் ஐவரின் முதல் ஆல்பம் 2007இல் சொந்த வெளியீடாகச் சில பிரதிகள் மட்டும் வந்தது. ஜாக்ஜாகுவார் லேபிள் அதை 2008 பிப்ரவரியில் எல்லோருக்கும் கொண்டுபோனது. அது எந்த வருடத்து ஆல்பம்? இண்டியில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். முதலில் கேசட்டாக நூறு பிரதி, பிறகு இணையத்தில், அதற்கும் பிறகு வினைல் இசைத்தட்டு என்று ஒரே ஆல்பம் மூன்று முறை பிறக்கும். ஒரு சாதாரணக் கேட்பவர் தேடினால் கையில் கிடைக்கும் நிலைக்கு அது எப்போது வந்ததோ, அந்த வருடத்தில் நான் கணக்கு வைக்கிறேன். கனடா இசைக்கலைஞர் சிண்டி லீயின் ‘டயமண்ட் ஜூபிலி’ 2024 மார்ச்சில் வந்தபோது எந்த ஸ்ட்ரீமிங் தளத்திலும் இல்லை. ஒரு எளிய இணையப் பக்கத்தில் தரவிறக்கமாகவும், யூடியூபில் ஒரே நீளமான வீடியோவாகவும்தான் இருந்தது. 32 பாட்டுகள், இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஆனால் யார் தேடினாலும் கிடைத்தது. ஆகவே என் கணக்கில் அது 2024இன் ஆல்பம்தான்.

எது ஆல்பம் என்பதற்கும் ஒரே வரையறை கிடையாது. பிரிட்டனின் அதிகாரபூர்வ விற்பனைப் பட்டியலில் நான்கு பாட்டுக்கு மேலோ 25 நிமிடத்துக்கு மேலோ இருந்தால் ஆல்பம். கிராமி விருது விதிப்படி ஐந்து வெவ்வேறு பாட்டுகளும் 15 நிமிடமும் வேண்டும். 30 நிமிடம் இருந்துவிட்டால் பாட்டுகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. எனக்குப் பிரிட்டன் விதி போதும். மறுவெளியீடு, நேரடிக் கச்சேரிப் பதிவு, தொகுப்பு ஆல்பம் ஆகியவற்றை நான் விட்டுவிடுகிறேன்.

டிசம்பரில் வரும் ஆல்பங்கள்தான் பாவம். பல பத்திரிகைகள் நவம்பர் கடைசியிலேயே தங்கள் வருடப் பட்டியலைப் போடத் தொடங்கிவிடுகின்றன. டிசம்பர் 10ஆம் தேதி வரும் ஆல்பம் அந்த வருடத்திலும் சேராது, அடுத்த வருடம் யாருக்கும் ஞாபகமும் இருக்காது. உங்களுக்கு எந்தக் கெடுவும் இல்லையே. பட்டியலை ஜனவரி இரண்டாம் வாரத்தில் முடித்தால் போதும்.

மூன்றாம் படி: நோட்டு

2015 ஜூலை 10 முதல் உலகம் முழுக்கப் புதிய இசை வெள்ளிக்கிழமைகளில்தான் வருகிறது. அதனால் வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். அந்த வாரம் கேட்கலாம் என்று தோன்றும் ஆல்பங்களின் பெயரை ஒரு நோட்டிலோ கைப்பேசியிலோ எழுதிவையுங்கள். கேட்ட பிறகு தேதி போட்டு இரண்டு மூன்று வரி. மதிப்பெண் வேண்டாம், என்ன கேட்டது என்பதை மட்டும் எழுதுங்கள். என் நோட்டிலிருந்து ஒரு குறிப்பு:

“மார்ச் 14. இரண்டாம் முறை. இரவு, ஹெட்போன். நான்காம் பாட்டில் 2:10க்கு டிரம்ஸ் நின்றுவிடுகிறது. குரல் மட்டும். அடுத்த வரிக்கு முன்னால் மூச்சை இழுப்பதும், பின்னால் நாற்காலி கிறீச்சிடுவதும் கேட்கிறது. அதை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். 7, 8ஆம் பாட்டுகள் மனதில் நிற்கவில்லை. மறுபடி கேட்க வேண்டும்.”

ஒன்பது மாதம் கழித்து இதைப் படித்தபோது அந்த நாற்காலிச் சத்தம் உடனே காதுக்குள் வந்துவிட்டது. “அழகான ஆல்பம், 8/10” என்று எழுதியிருந்தால் எதுவும் வந்திருக்காது. மதிப்பெண்ணில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜனவரியில் நீங்கள் போடும் எட்டும் அக்டோபரில் போடும் எட்டும் ஒன்றல்ல. வருடம் போகப் போகக் கை இறுகும், அல்லது தளரும். பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் போல பத்துக்கு 7.8, 8.3 என்று புள்ளி வைத்துப் போடுவது படிக்கச் சுவாரசியமாக இருக்கும். தனி ஆள் அதை வைத்துக்கொண்டு ஒரு வருட ஆல்பங்களை வரிசைப்படுத்த முடியாது.

நோட்டே இல்லாமல் இப்போதுதான் ஆரம்பிக்கிறீர்களா? பரவாயில்லை, தடயங்கள் இருக்கும். ஸ்ட்ரீமிங் செயலியில் நீங்கள் சேமித்துவைத்த ஆல்பங்கள், கலைஞர்கள் நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் வாங்கியவை, கேட்டதை எண்ணி வைக்கும் லாஸ்ட்.எஃப்எம் தளத்தில் கணக்கு இருந்தால் அதன் மாதவாரி விவரம் எல்லாவற்றையும் பாருங்கள். இவை எல்லாவற்றையும் விட எனக்கு உதவியது, நண்பர்களுக்கு அனுப்பிய செய்திகள். செய்திச் செயலியில் “இதைக் கேள்” என்று தேடிப் பாருங்கள். ஒரு பாட்டைக் கேட்டு, தாங்க முடியாமல் யாருக்கோ உடனே அனுப்பிய நேரத்தில் நீங்கள் யாருக்காகவும் நடித்திருக்க மாட்டீர்கள்.

செயலி சொல்லும் எண்ணிக்கையை அப்படியே எடுக்காதீர்கள்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிசம்பர் தொடக்கத்தில் ஸ்ட்ரீமிங் செயலிகள், நீங்கள் வருடம் முழுக்க எதை அதிகம் கேட்டீர்கள் என்று வண்ணமயமாகக் காட்டும். அதையே தங்கள் பட்டியல் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணிக்கை எப்படி வருகிறது என்று கொஞ்சம் பாருங்கள்.

ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால் ஒரு கேட்பு. லாஸ்ட்.எஃப்எம் பாட்டின் பாதி, அல்லது நான்கு நிமிடம், எது முதலில் வருகிறதோ அதைக் கணக்கில் எடுக்கும். இரண்டுமே பாட்டைத்தான் எண்ணுகின்றன, ஆல்பத்தை அல்ல. 40 நிமிட ஆல்பங்கள் இரண்டு இருக்கின்றன; ஒன்றில் 4 நீண்ட பாட்டுகள், மற்றதில் 12 பாட்டுகள். இரண்டையும் பத்துப் பத்து முறை முழுதாகக் கேட்கிறீர்கள். முதலாவதுக்கு 40 கேட்புகள், இரண்டாவதுக்கு 120. செலவான நேரம் என்னவோ ஒன்றுதான். இதோடு, வேலை செய்யும்போது பின்னணியில் ஓடியது, தூங்கப் போகும்போது போட்டுவிட்டு அணைக்காமல் விட்டது எல்லாம் சேரும். ஜனவரியில் வந்த ஆல்பத்துக்கு நவம்பரில் வந்ததைவிடப் பத்து மாத அவகாசம் கூடுதல். ஆகவே எந்த ஆல்பமும் விடுபட்டுப் போகாமல் இருக்க அந்த எண்ணிக்கையைப் பாருங்கள். வரிசையை அது சொல்ல விடாதீர்கள்.

நான்காம் படி: இருபதுக்குக் கொண்டுவருவது

நோட்டில் ஐம்பது அறுபது பெயர் இருக்கலாம். ஒவ்வொரு பெயரையும் பார்த்து, அந்த ஆல்பத்திலிருந்து ஒரு இடத்தையாவது மனதுக்குள் ஓடவிட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஒரு டிக். முடியாதவற்றுக்கு ஒரே ஒரு வாய்ப்பு: முதல் பாட்டையும் நடுவிலிருந்து ஒன்றையும் கேளுங்கள். இழுத்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. இதில் கறாராக இருக்கலாம். இருபதுக்கு மேல் வைத்துக்கொண்டால் அடுத்த படி நடக்காது.

ஐந்தாம் படி: மறுபடி கேட்பது

கணக்குப் போடுவோம். இருபது ஆல்பம், ஒவ்வொன்றும் சராசரியாக 40 நிமிடம் என்றால் 800 நிமிடம், அதாவது 13 மணி 20 நிமிடம். நாளுக்கு இரண்டு ஆல்பம் என்றால் பத்து நாள். பெரிய வேலைதான். ஆனால் இந்தப் பத்து நாளைத்தான் நான் வருடம் முழுக்க எதிர்பார்த்துக் காத்திருக்கிறேன். புதிதாக எதையும் தேட வேண்டாம், பிடித்ததை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கலாம்.

முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அதே வரிசையில் கேளுங்கள். கலைத்துப்போடும் ஷஃபிள் வேண்டாம். ஒரு பாட்டு அமைதியாக முடிந்து, அடுத்தது அந்த அமைதியை உடைத்துக்கொண்டு வருவது தற்செயல் அல்ல; அந்த வரிசையைப் பற்றி யாரோ பல நாள் யோசித்திருப்பார்கள். ஆல்பத்தின் பிற்பாதியைக் கூடுதல் கவனத்தோடு கேளுங்கள். நல்ல பாட்டுகளை முன்னால் அடுக்கிவிட்டு, ஆறாம் பாட்டுக்குப் பிறகு தொய்ந்துபோகும் ஆல்பங்கள் நிறைய உண்டு. ஞாபகத்தில் முதல் நான்கு பாட்டுகள் மட்டும் இருப்பதால் அவை உயரத்தில் நிற்கும். மறுகேட்பில் எனக்கு அதிகமாக இறங்குவது இவைதான்.

எல்லாவற்றையும் ஒரே ஹெட்போனில், அல்லது ஒரே ஸ்பீக்கரில் கேளுங்கள். ஒலியளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இதை லேசாக நினைக்காதீர்கள். ஒரே பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் அதுதான் நன்றாக இருப்பதாகக் காது சொல்லும். ஒலிப்பதிவுக்கூடங்களில் வேலை செய்பவர்கள் ஒரே பாட்டின் இரண்டு மிக்ஸை (ஒலிக்கலவையை) ஒப்பிடும் முன் ஒலியளவைச் சமமாக்கிக்கொள்வது இதனால்தான். ஸ்ட்ரீமிங் செயலிகளின் அமைப்புகளில் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி இருக்கும், அது இயங்குகிறதா என்று பாருங்கள். ஸ்பாட்டிஃபையில் ஆல்பத்தை வரிசையாகக் கேட்டால் மொத்த ஆல்பத்துக்கும் சேர்த்தே சரிசெய்யும். அதனால் மென்மையான பாட்டு மென்மையாகவே இருக்கும். ஆனால் விலைக்கு வாங்கித் தரவிறக்கிய கோப்புகளில் இந்தச் சமப்படுத்தல் தானாக நடக்காது. வீட்டிலேயே பதிவு செய்த மென்மையான ஆல்பம் ஒன்றும், சத்தத்தைக் கூட்டி மாஸ்டரிங் (இறுதி ஒலிச் சீரமைப்பு) செய்த ஆல்பம் ஒன்றும் அருகருகே வந்தால், ஒலிக்குமிழைக் கையால் திருகிச் சமமாக்குங்கள். இல்லாவிட்டால் மென்மையானது காரணமில்லாமல் தோற்கும்.

இன்னொன்று, பழக்கம். ஒன்றை அடிக்கடி சந்தித்தாலே அதன்மேல் பிரியம் கூடும் என்று ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் எழுதினார். இசையில் இதை நாமே உணரலாம். இருபது முறை கேட்ட ஆல்பத்தையும் இரண்டு முறை கேட்ட ஆல்பத்தையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. குறைவாகக் கேட்டதற்கு இந்தப் பத்து நாளில் இன்னும் இரண்டு முறை கொடுங்கள். முதல் கேட்பில் கதவைத் திறக்காத ஆல்பங்கள் உண்டு. தாளம் பிடிபடாது, குரல் எங்கோ பின்னால் புதைந்திருக்கும். நான்காம் முறை ஏதோ ஒரு இடத்தில் பிடி கிடைத்து, பிறகு மொத்தமும் திறந்துகொள்ளும். என் முதலிடங்களில் பாதி அப்படி வந்தவை.

ஒரு முறையாவது பாட்டு வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பேண்ட்கேம்ப் பக்கங்களில் பல கலைஞர்கள் வரிகளையும், யார் என்ன வாசித்தார்கள், எங்கே பதிவு செய்தார்கள் என்பதையும் போட்டிருப்பார்கள். ஒருவரே எல்லா வாத்தியங்களையும் வாசித்திருக்கிறார் என்று தெரிந்த பிறகு கேட்டால் சில ஆல்பங்கள் வேறு மாதிரி ஒலிக்கும்.

ஆறாம் படி: இரண்டிரண்டாக ஒப்பிடுவது

இருபது பெயர்களையும் ஒரே பார்வையில் வரிசைப்படுத்த முயன்றால் தலை சுற்றும். மனம் ஒரு நேரத்தில் இரண்டைத்தான் நேர்மையாக ஒப்பிடும்.

ஒவ்வொரு ஆல்பத்தையும் மற்ற எல்லாவற்றோடும் மோதவிட்டால் 190 ஜோடிகள் வரும். அவ்வளவு தேவையில்லை. சீட்டுக்கட்டை அடுக்குவது போலச் செய்யலாம். இருபது துண்டுக் காகிதங்களில் பெயர்களை எழுதுங்கள். இரண்டை எடுத்து மேலே ஒன்று, கீழே ஒன்று வையுங்கள். அடுத்த துண்டை, ஏற்கனவே அடுக்கியவற்றின் நடுவில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். அதைவிடப் பிடித்தால் மேல் பாதியின் நடுவோடு, இல்லாவிட்டால் கீழ்ப் பாதியின் நடுவோடு. இப்படியே போனால் அதன் இடம் தானாகக் கிடைத்துவிடும். இருபது ஆல்பத்துக்கும் சேர்த்து அதிகபட்சம் 69 ஒப்பீடுகள்தான். ஒரு மாலையில் முடியும்.

ஒப்பிடும்போது “எது சிறந்தது?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி வந்தவுடன், யாரோ எழுதிய விமர்சனம் மண்டைக்குள் பேச ஆரம்பிக்கும். நான் கேட்பது: “அடுத்த வருடம் இந்த இரண்டில் ஒன்றுதான் கையில் இருக்கும் என்றால் எதை வைத்துக்கொள்வேன்?”

ஒரு முறை நடந்ததைச் சொல்கிறேன். ஒன்று பியானோவும் குரலும் மட்டும், 31 நிமிடம், ஒரு நொடி வீணாகவில்லை. மற்றது நான்கு பேர் குழு, 52 நிமிடம். அதில் இரண்டு பாட்டுகள் அந்த வருடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தவை. கேட்டால் எழுந்து நிற்க வைக்கும். ஞாபகத்தில் குழுதான் மேலே இருந்தது. ஒரே மாலையில் இரண்டையும் முழுதாகக் கேட்டேன். குழுவின் ஆல்பத்தில் அந்த இரண்டு பாட்டுகளுக்கும் நடுவே நான் மூன்று முறை கைப்பேசியை எடுத்துப் பார்த்திருந்தேன். பியானோ ஆல்பம் முடிந்ததும் எதுவும் யோசிக்காமல் திரும்ப முதலிலிருந்து போட்டேன். அதோடு முடிவாகிவிட்டது. அந்த இரண்டு பாட்டுகள் என்ன ஆயின? பாட்டுகளுக்கென்று தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன், அதில் மேலே இருக்கின்றன. ஆல்பத்தை ஆல்பமாகத்தான் எடைபோட வேண்டும்.

சில சமயம் ‘அ’ ஆல்பம் ‘ஆ’வைவிடப் பிடிக்கும், ‘ஆ’ ‘இ’யைவிடப் பிடிக்கும், ஆனால் ‘இ’யை ‘அ’வோடு வைத்தால் ‘இ’தான் மேலே நிற்கும். உங்களிடம் தவறில்லை. பலர் சேர்ந்து வாக்களிக்கும்போது இப்படிச் சுற்று வரும் என்று பிரான்சில் கோந்தோர்சே என்ற கணித அறிஞர் 1785லேயே காட்டியிருக்கிறார். ஒரே மனிதரின் காதுக்குள்ளும் அது நடக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு ஜோடியிலும் நாம் வேறு வேறு குணத்தை ஒப்பிடுகிறோம். அப்படி வந்தால் மூன்றையும் அடுத்தடுத்த இடங்களில் போட்டுவிட்டு நகருங்கள்.

உண்மையில் ஆறாம் இடமா ஏழாம் இடமா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை. இரண்டு இடங்களில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒன்று முதலிடம். இன்னொன்று பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் இருக்கும் கோடு, ஏனென்றால் அங்கே ஒரு ஆல்பம் பட்டியலை விட்டே வெளியே போகிறது. அந்த இரண்டு முடிவுகளுக்கு மட்டும் இன்னொரு நாள் எடுத்துக்கொண்டு மறுபடி கேளுங்கள்.

வரிசை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய முறை உதவும். அமெரிக்காவின் வில்லேஜ் வாய்ஸ் வார இதழ் இசை விமர்சகர்களிடம் வருடாவருடம் வாக்கெடுப்பு நடத்தியது. விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்காவ் தொடங்கிவைத்தது, பெயர் பாஸ் அண்ட் ஜாப். அதில் ஒவ்வொருவரும் பத்து ஆல்பங்களுக்கு 100 புள்ளிகளைப் பங்கிட வேண்டும். ஒன்றுக்கு அதிகபட்சம் 30, குறைந்தபட்சம் 5. உங்கள் பத்துக்கும் இதைச் செய்து பாருங்கள். ஒரு முறை எனக்கு வந்தது 22, 16, 12, 10, 9, 8, 7, 6, 5, 5. முதல் மூன்றுக்கே பாதிப் புள்ளிகள் போய்விட்டன. அந்த வருடம் எனக்கு உண்மையில் மூன்று ஆல்பங்களின் வருடம் என்று அப்போதுதான் புரிந்தது. சில வருடங்களில் எல்லாமே பத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அப்போது முதலிடத்தைப் பற்றி ரொம்ப அழுத்திப் பேச வேண்டாம்.

ஏழாம் படி: பத்தையும் ஒரு முறை விசாரியுங்கள்

ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் நின்று, இது இங்கே இருப்பது எனக்குப் பிடித்ததால்தானா, அல்லது இருக்க வேண்டும் என்று தோன்றுவதாலா என்று கேளுங்கள். மதிக்கும் ஆல்பம் வேறு, நேசிக்கும் ஆல்பம் வேறு. வேலைப்பாடு பிரமாதம், துணிச்சல் பிரமாதம், ஆனால் இரண்டு முறைக்கு மேல் போட மனம் வரவில்லை என்றால் அது பத்தில் இருக்கக் கூடாது. இந்தக் காரணத்தினால்தான், என் பட்டியலை முடிக்கும்வரை நான் மற்றவர்களின் வருடப் பட்டியல்களைத் திறப்பதில்லை.

பத்தும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே மொழி, ஒரே வாத்தியம், ஒரே வகை என்றால், இடஒதுக்கீடு போல எதையாவது திணிக்க வேண்டாம். ஒரு வாரம் ஒதுக்கி, கேட்காமல் விட்ட பக்கம் போய்க் கேளுங்கள். பிடித்தது கிடைத்தால் அது தானாக உள்ளே வரும். அப்புறம், உங்களுக்கு நேரில் தெரிந்தவர்களின் ஆல்பம் இருந்தால் அதை எண் போடாமல் தனியாகக் குறிப்பிடுங்கள்.

எட்டாம் படி: எழுதுவது

வெறும் பெயர்களை அடுக்கினால் படிப்பவர் எதையும் கேட்கப் போவதில்லை. ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி போதும். அதில் எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம் என்று ஒரு பாட்டும், காது கொடுக்க வேண்டிய ஒரு இடமும் இருக்கட்டும். “கனவுத்தன்மை கொண்ட, மனதை வருடும் ஆல்பம்” என்று எழுதினால் அது நூறு ஆல்பங்களுக்குப் பொருந்தும். “நான்காம் பாட்டில் டிரம்ஸ் நின்ற பிறகு வரும் எட்டு விநாடிகளைக் கேளுங்கள்” என்று எழுதினால் ஒருவராவது போய்க் கேட்பார். கலைஞரின் பெயரை அவர் எழுதும் விதத்திலேயே எழுதுங்கள். லேபிள் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு ஆல்பம் பிடித்தவருக்கு அதே லேபிளின் அடுத்த ஆல்பமும் பிடிக்க வாய்ப்பு அதிகம்.

இணைப்பு கொடுப்பதாக இருந்தால், கலைஞருக்குக் காசு போய்ச் சேரும் இடத்தின் இணைப்பைக் கொடுங்கள். பேண்ட்கேம்பில் ஒருவர் டிஜிட்டல் ஆல்பம் வாங்கினால் தளம் பொதுவாக 15 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. பணம் செலுத்தும் கட்டணம் போக மற்றது கலைஞருக்கோ லேபிளுக்கோ போகிறது. 2020 மார்ச் 20 அன்று தொடங்கி, ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ என்று அறிவிக்கும் சில நாட்களில் அந்த 15 சதவீதத்தையும் தளம் விட்டுக்கொடுக்கிறது. உங்கள் பத்தில் ஒன்றையாவது அப்படி ஒரு நாளில் வாங்குங்கள். உங்கள் பட்டியலைப் படிப்பவர்களுக்கும் அந்த நாளைச் சொல்லுங்கள்.

நண்பர்கள் சேர்ந்து ஒரு பட்டியல் போடுவதாக இருந்தால், முதலிடத்துக்கு 10, பத்தாம் இடத்துக்கு 1 என்று புள்ளி கொடுத்துக் கூட்டுவது எளிது. பிரெஞ்சுக்காரரான போர்தா 1770இல் முன்வைத்த முறையிலிருந்து வந்தது இது. ஒரே ஒருவர் மட்டும் கேட்ட ஆல்பம் இதில் எப்போதும் பின்தங்கிவிடும். ஆகவே கூட்டுவதற்கு முன், ஒவ்வொருவரின் முதலிடத்தையும் மற்ற எல்லோரும் ஒரு முறை முழுதாகக் கேட்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலை முடித்ததும் தேதி போட்டு மூடிவிடுங்கள். பிப்ரவரியில் யாரோ ஒருவர், நீங்கள் கேள்வியே படாத ஒரு ஆல்பத்தைக் கொண்டுவந்து கொடுப்பார். அது போன வருடத்தின் முதலிடத்தையே அசைக்கும் அளவுக்கு நன்றாக இருக்கும். எனக்குப் பல வருடம் இது நடந்திருக்கிறது. மூடிய பட்டியலைத் திருத்த வேண்டாம். நோட்டில் ‘தாமதமாகக் கேட்டவை’ என்று ஒரு பக்கம் தொடங்கி, அதன் பெயரையும் கொடுத்தவர் பெயரையும் முதல் வரியில் எழுதிவையுங்கள்.